செம்பனையில் தொங்கும் பொட்டலம்

பீடோங் பக்கம் மாமா வேலை செய்த தோட்டம். ஒரு காலத்தில் கித்தா, இப்போது முழுக்கச் செம்பனை. ஒரு நிரையில் மட்டும் ஓலைகள் தீயில் கருகியதுபோல் நின்றன.

"உலாட் புங்குஸ்" என்றார் மாமா. ஓலையடியில், காய்ந்த இலைத் துணுக்குகள் ஒட்டிய குட்டிப் பைகள். பேர் வைத்தவருக்கு நாசி லெமாக் பொட்டலம் ஞாபகம் வந்திருக்கும்!

உள்ளே இருப்பது 'மெத்திசா பிளானா' என்ற அந்துப்பூச்சியின் புழு. வளர்ந்தால் ஆணுக்கு மட்டுமே இறக்கை. சின்னஞ்சிறு பழுப்புப் பூச்சி அது. பெண் பையை விட்டு வெளியே வருவதில்லை. உள்ளேயே நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். பிறகு எப்படித் தோட்டம் முழுக்கப் பரவுகிறது? குஞ்சுப் புழுக்கள் பட்டு நூலில் தொங்கும்; காற்று அடுத்த மரத்தில் சேர்த்துவிடும்.

இலை போனால் குலை சிறுக்கும். குலை வெட்டிக் கூலி வாங்கிய மாமாவுக்கு அந்த வலி தெரியும். 2013-இல் அரசாங்கமே இதை ஆபத்தான பூச்சியென அரசிதழில் அறிவித்தது.

பாதையோரப் பூச்செடிகள் அழகுக்கு என்றே நினைத்திருந்தேன். தேனுக்கு வரும் சிறு குளவிகள் இந்தப் புழுக்களில்தான் முட்டையிடுமாம்.

மாமா ஒரு பையை நகத்தால் கிழித்தார். காலி. பக்கத்தில் குண்டூசி முனையளவு ஓட்டை.

"குளவி முந்திக்கிச்சு" என்று சிரித்தார்.