சேலத்தில் இறங்க ஏற்காட்டைத் தாண்டணும்!

ஓமலூர் பக்கத்தில் இருக்கிறது கமலாபுரம். சேலம் விமான நிலையம் இங்கேதான். 2018 மார்ச் 25 அன்று 'உதான்' திட்டத்தில் சென்னை விமானம் வந்தது. இடையில் நின்றுபோன சேவை, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது.

சுற்றிலும் சமவெளிதான். ஆனால் கிழக்கே திரும்பினால் சேர்வராயன் மலை சுவர் மாதிரி நிற்கிறது. ஏற்காடு, நேர்கோட்டில் சுமார் 16 கி.மீ. தூரம். சென்னையையும் கமலாபுரத்தையும் வரைபடத்தில் கோடு போட்டு இணைத்தால், அது இந்த மலைத்தொடரின் மேலேயே விழும்.

விமானங்கள் வழக்கமாக ஒரு கடல் மைலுக்கு 300 அடி என்ற சரிவில் இறங்கும். விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி. அந்தக் கணக்குப்படி, 16 கி.மீ. தூரத்தில் விமானம் சுமார் 3,600 அடியில் இருக்க வேண்டும். ஏற்காடோ 4,900 அடிக்கும் மேலே! அதனால் மலையைத் தாண்டும்வரை உயரத்தை விடக் கூடாது. இல்லையென்றால் சுற்றித்தான் வர வேண்டும்.

பகலில் கண்ணுக்கு மலை தெரியும். மேகம் மூடினால்? அப்போது கருவிகளும் வரைபடமும்தான் கண். வரைபடத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் உயரம் எழுதியிருக்கும். எண்ணுக்கு அடியில் கோடு இருந்தால், 'இதற்குக் கீழே இறங்காதே'. மேலே கோடு இருந்தால், 'இதற்கு மேலே இருக்காதே'. இரண்டு பக்கமும் இருந்தால், 'சரியாக இதே உயரம்'.

உதாரணத்துக்கு, "5,000 அடிக்கு இறங்கலாம்" என்று கட்டுப்பாட்டு அறை அனுமதி தருகிறது. வழியில் ஓர் இடத்துக்கு வரைபடம் 7,000 என்கிறது. அந்தக் கட்டுப்பாட்டை ரத்து செய்வதாக வெளிப்படையாகச் சொல்லாதவரை, அந்த இடம் தாண்டும்வரை 7,000தான். அனுமதி கிடைத்துவிட்டது என்று உடனே இறங்கிவிட முடியாது.

இந்தத் தெளிவுக்கு உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1974 டிசம்பர் 1. வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கிய டி.டபிள்யூ.ஏ. 514 விமானத்துக்குத் தரையிறங்க வர அனுமதி கிடைத்தது. இனி 1,800 அடிக்கு இறங்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டார்கள். நடுவில் இருந்த மலையைத் தாண்டும்வரை உயரத்தைக் காப்பது யார் பொறுப்பு என்பதில் குழப்பம். மேகத்துக்குள் இறங்கிய விமானம் மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். அதன்பிறகு அமெரிக்காவில் விதிகள் திருத்தப்பட்டன. தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும் பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயமானது.

அடுத்த முறை சேலம் விமானத்தில் ஜன்னல் சீட் கிடைத்தால் கவனியுங்கள். ஊர் நெருங்கியும் விமானம் இறங்காமல் போகிறதே என்று பக்கத்து சீட்டுக்காரர் சலித்துக்கொண்டால், கீழே இருக்கும் சேர்வராயன் மலையைக் காட்டுங்கள். காரணம் புரிந்துவிடும்.