இராமலிங்க விலாசம்: அமர்ந்தவரும் நின்றவரும்

இராமநாதபுரம் அரண்மனைக்குள் நுழைவோர் பலரும் இராமலிங்க விலாசத்தை ஓர் அருங்காட்சியகமாகவே பார்த்துத் திரும்புகின்றனர். வாட்கள், வளரிகள், பழஞ்சிலைகள். மாநிலத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் அது அருங்காட்சியகமாகத்தான் விளங்குகிறது, வருவோரைக் குறைசொல்வதற்கில்லை. எனினும் மாணவர்களோடு செல்லும்போது நாம் முதலில் அவர்களைத் தரையைப் பார்க்கச் சொல்வது வழக்கம்.

தரை கட்டங்கட்டமாக உயர்கிறது. உயர்ந்த மேடைமேல் கட்டடம். படியேறினால் பருத்த தூண்களும் வளைவுகளும் நிறைந்த பெருமண்டபம். அதற்கப்பால் சற்றே உயர்ந்த சிறுமண்டபம். அதற்கும் அப்பால், கோயிலாயின் கருவறை இருக்கவேண்டிய இடத்தில், ஓர் அறை. அதுவே இராமர் பீடம், சேதுபதிகள் முடிசூடிய இடம். மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்னும் கோயிலமைப்பு அரசவைக்கு அப்படியே எடுத்தாளப்பட்டிருக்கிறது. பெயரும் இராமேசுவரத்து இறைவனுடையதே. சேதுவின் காவலன் என்ற பட்டத்தைச் செப்பேட்டில் எழுதிக்கொள்வது ஒன்று. செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டிக்காட்டுவது வேறொன்று.

ஆங்கிலேய நாட்டின் பழைய நிலக்கிழார் மாளிகைகளிலும் இத்தகைய உயரக் கணக்கு உண்டு. ஓக் மரச் சட்டங்களை மர ஆணிகளால் இணைத்து எழுப்பிய அவ்வீடுகளின் பெருங்கூடத்தில், ஒரு முனையில் மேடையிட்டுக் கிழார் குடும்பம் அமர்ந்து உண்ணும், ஏனையோர் கீழே. அங்கே மேடை உணவுக்கானது. இங்கே அது வழிபாட்டின் சாயலைப் பெற்றுவிட்டது.

விலாசத்தைக் கட்டியவர் 1710இல் மறைந்த கிழவன் சேதுபதி என்பர். போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றியவரும் அவரே. கோட்டைப் பணிக்குக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி துணைநின்றார் என்பது வழிவழிச் செய்தி. சுவரோவியங்கள் அவருக்குப் பின் ஆண்ட முத்துவிசய ரகுநாத சேதுபதியின் (1713–1725) காலத்தவை. இராமாயணமும் பாகவதமும் ஒருபுறமிருக்க, தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும், ஐரோப்பியரை மன்னர் வரவேற்கும் காட்சியும் அங்கே உள்ளன. இராசராசேசுவரி அம்மனிடமிருந்து மன்னர் செங்கோல் பெறுகிறார். மதுரை விசயரங்க சொக்கநாதர் அவருக்கு இரத்தினங்களைச் சொரிகிறார். ஒரு காலத்தில் மதுரை நாயக்கருக்குக் கீழ்ப்பட்டிருந்த மரபு, தன் செங்கோல் தேவியிடமிருந்து வந்ததென்று சுவரில் எழுதி, நாயக்கரின் மரியாதையையும் விடாமல் பக்கத்திலேயே தீட்டிக்கொண்டது! இந்தச் சாமர்த்தியத்தை நாம் மிகவும் இரசிக்கிறோம். ஜெனிஃபர் ஹவ்ஸ் எழுதித் தென்னிந்திய அரசவைகளைப் பற்றி 2003இல் வெளிவந்த நூல் இவ்விலாசத்தை விரிவாக ஆராய்கிறது. தமிழில் அத்தகைய ஆய்வுகள் பெருகவேண்டும்.

ஓவியத்தில் மன்னரைக் காணவந்த விருந்தினர் ஐரோப்பியர். நூற்றாண்டு முடிவதற்குள் அந்த உறவு தலைகீழாயிற்று. 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பினி பதவிநீக்கிச் சிறைவைத்தது. மூன்றாண்டுகளில், 1798 செப்டம்பர் 10 அன்று, இதே விலாசத்தில் கலெக்டர் ஜாக்சன் அமர்ந்திருக்க, ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டு வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் நின்றபடியே விடைசொல்ல வேண்டியிருந்தது. பின்னர் எழுந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். தானாபதிப் பிள்ளை பிடிபட்டார். 1959ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வழியே இச்சந்திப்பை அறிந்தோரே நம்மில் மிகுதி. அதனால் அது வசனமாகவே நினைவில் நிற்கிறது. விலாசத்தின் அமைப்பை அறிந்தவர்க்கோ அந்த அவமதிப்பு வேறு விதமாகப் புலப்படும். யார் எந்த உயரத்தில் அமர்வது, யார் எதிரே நிற்பது என்பதற்காகவே எழுப்பிய கட்டடத்தில், அமரும் உரிமையை வணிகக் கும்பினியின் ஊழியர் எடுத்துக்கொண்டார். பாளையக்காரர் ஒருவருக்கு அதன் பொருளை விளக்க மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது.

விசாரணைக்குப் பின் ஜாக்சன் பதவியிழந்தார். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1803இல் முத்துராமலிங்கரின் தமக்கை மங்களேசுவரி நாச்சியாரிடம் சீமை திரும்பக் கொடுக்கப்பட்டது. ஆனால் அரசாக அன்று, கும்பினிக்கு ஆண்டுதோறும் பேஷ்குஷ் செலுத்தும் ஜமீனாக. இராமர் பீடம் அதே உயரத்தில் இருந்தது.