முடிவு எழுதப்படாத தாள்

'ஜாம்' என்றதும் ரொட்டியில் தடவும் பழப்பாகுதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். இசைக் கலைஞர் சிலர் முன்னேற்பாடின்றி ஒன்றுகூடி வாசித்து மகிழ்வதற்கும் மேனாட்டார் அப்பெயரையே இட்டுள்ளனர். 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக்லண்டு நகரில் கணினி விளையாட்டு அமைப்போர் சிலர் அவ்வாறே கூடி, சில நாள்களுக்குள் புதிய விளையாட்டுகளை ஆக்கினர். 'கேம் ஜாம்' என்னும் வழக்கம் பின்னர் பல நாடுகளிலும் பரவிற்று. குறித்த ஒரு பொருள், குறுகிய காலம், அதற்குள் ஆக்கி முடித்த ஒரு விளையாட்டு, இவ்வளவே அதன் இலக்கணம். கணினியே வேண்டாத, தாளும் பகடையும் கொண்டு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் விளையாட்டுகளுக்கும் இன்று இத்தகைய கூடல்கள் நடைபெறுகின்றன.

கல்லூரியில் பயிலும் எம் பங்கு இளைஞன் ஒருவன், அத்தகைய கூடல் ஒன்றிற்காக எழுதிய இரு பக்கத் தாளுடன் பங்கு இல்லத்திற்கு வந்தான். "ஃபாதர், கதையில் கோவில் வருகிறது. பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துத் தர வேண்டும்" என்றான். மூன்றே நாள்களில் அனுப்ப வேண்டுமாம்.

இவ்விளையாட்டில் ஒருவர் நடத்துநர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். நடத்துநர் நிலைமையைச் சொல்ல, தாம் என்ன செய்கிறோம் என்பதை அவர்கள் சொல்வர். ஐயத்திற்குரிய செயல்களில் பகடை தீர்ப்பளிக்கும். வென்றவர் தோற்றவர் என்று எவருமில்லர். நம் சிறுமியர் செப்பு வைத்து ஆடும் அம்மா அப்பா விளையாட்டுக்குச் சட்டம் வகுத்தாற்போல் இருக்கும்.

1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் முதலில் அச்சேறியது. 1980-களில் அமெரிக்கக் கிறிஸ்தவர் பலர் இதனைப் பேயின் வேலை என்று அஞ்சினர். அதில் பூதமும் மந்திரமும் வருவது உண்மையே. எனினும், கற்பனையில் ஒரு காட்சிக்குள் நுழைவதைக் கத்தோலிக்கர் நாம் கண்டு மிரள வேண்டியதில்லை. ஆண்டவர் பிறந்த குகை எவ்வளவு பெரிது, எவ்வளவு சிறிது, எவ்வளவு தாழ்ந்தது என்று மனக்கண்ணால் அளந்து பார்க்குமாறு தம் ஆன்மப் பயிற்சிகளில் பணித்தவர் புனித இஞ்ஞாசியார் அல்லவா! குருமடத்துத் தியான நாள்களில் நாங்கள் செய்ததும் அதுவே.

இளைஞனின் தாளில் பூதம் இல்லை, புயல் இருந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியது வாசகர் அறிந்ததே. எச்சரிக்கை கரையை எட்டும் முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட படகுகள் பல. தொலைவிலிருந்த அவற்றை அழைத்துச் சொல்லவும் வழியில்லை. அவனுடைய சித்தப்பா சென்ற படகு திரும்பவில்லை. அப்போது அவன் பள்ளிச் சிறுவன்.

கதை ஒரே இரவில் நிகழ்வது. ஓர் ஆசிரியை, ஒரு உபதேசியார், வலை பின்னும் மூதாட்டி, கரையில் தங்கிவிட்ட ஒரு மீனவர் என நான்கு பாத்திரங்கள். தாளின் ஓரத்தில் ஆறு வட்டங்கள். பெரிய முடிவு ஒன்று எடுக்கப்படும்போதெல்லாம் ஒரு வட்டம் கறுக்கும். மூன்றாவதில் மின்சாரம் போகும். ஐந்தாவதில் சாலையில் மரம் விழும். பகடையில் நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் செயல் கைகூடும். துணைக்கு ஒருவர் வந்தால் இரு பகடைகளை உருட்டி நல்லதைக் கொள்ளலாம். தனியே சென்றால் பாதிக்குப் பாதியாக இருக்கும் வாய்ப்பு, துணை வந்ததும் நான்கில் மூன்றாகிறது! நான் மறையுரையில் அரைமணி நேரம் பேசும் செய்தி. அறிந்தே தீர வேண்டிய செய்தி எதையும் ஒரே இடத்தில் ஒளிக்காமல் மூன்று இடங்களில் வைத்திருந்தான். ஆடுவோர் இரண்டைத் தவறவிடுவர் என்பது அனுபவப்பட்டோர் கணக்காம்.

இவ்வளவு செப்பமாக எழுதியவன், கடைசிப் பத்தியில், எவர் என்ன செய்தாலும் விடியலில் படகு திரும்பும் என்று முடித்திருந்தான். கோவிலைப் பற்றிய பிழை ஏதுமில்லை. இப்பத்திதான் என்னை நிறுத்திற்று.

"மக்களே, படகு எப்படியும் வந்துவிடும் என்றால் அந்நால்வருக்கு இரவு முழுதும் என்ன வேலை?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "வராவிட்டால் நான் எப்படி ஃபாதர் நடத்துவேன்?" என்றான்.

ஆறுதல் சொல்வது என் அன்றாடப் பணி. ஆயினும் அவ்வேளையில் ஆறுதல் பொருந்தாது எனத் தோன்றிற்று. லூக்கா நற்செய்தியை எடுத்து, காணாமற்போன மகன் உவமையின் இறுதியைப் படிக்கச் சொன்னேன். தந்தை வெளியே வந்து மூத்தவனை வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா? ஆண்டவர் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பரிசேயரிடமே முடிவை விட்டுவிட்டார்.

அவனும் தன் பங்குக்கு ஒரு செய்தி சொன்னான். 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர், 'பிரவுன்ஸ்டைன்' என்னும் கற்பனை ஊரில் நடக்கும் போர் விளையாட்டொன்றை அமைத்தார். படைத்தலைவர் மட்டுமன்றி நகரத் தலைவர், வங்கியாளர் போன்ற பாத்திரங்களையும் நண்பர்க்கு அளித்தார். அவர்களோ போரை மறந்து, தத்தம் எண்ணப்படி ஊரெங்கும் அலைந்து சூழ்ச்சிகள் செய்தனர். ஆட்டம் கெட்டது என்றே வெஸ்லி வருந்தினார். நண்பரோ மீண்டும் நடத்துமாறு நச்சரித்தனர். அவர்களுள் ஒருவரே பின்னாளைய ஆர்னசன். இதைச் சொல்லி முடித்தபின், கடைசிப் பத்தியைத் தானே கோடிட்டு அடித்தான்.

சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் பின் இளைஞர் நால்வர் பங்கு இல்லத்தில் ஆடிப் பார்த்தனர். மேசை நடுவே பெருக்கல் குறியிட்ட ஓர் அட்டையை வைத்தான். ஜான் ஸ்டாவ்ரோபவுலோஸ் என்னும் அமெரிக்கர் வகுத்த முறை இது. மனம் தாங்காத எவரும் அதைத் தொடலாம், கதை உடனே அவ்விடத்தைக் கடந்து செல்லும், காரணம் கேட்கப்படமாட்டாது. துயரப்பட்ட வீடுகளுக்குச் சென்று ஏன், எப்படி என்று துருவும் நம்மவர்க்கும் அப்படியோர் அட்டை இருக்கலாம்.

மின்சாரம் போனதும் படகு தேடிச் செல்வர் என எதிர்பார்த்தான். அவர்களோ, இரவு முழுதும் கோவில் மணியை முறைவைத்து அடிப்பதென்றும், கரையில் தீ வளர்ப்பதென்றும் தீர்மானித்தனர். தாளில் அதற்கு விதியே இல்லை. சற்றே யோசித்து இரு பகடைகள் தந்தான். கம்பியில்லாக் கருவியில் குரல் அறுந்த கட்டத்தில் ஒரு பெண்ணின் விரல் அட்டையைத் தொட்டது. ஒரு சொல்லும் கேளாமல் கதையைக் கரைக்குத் திருப்பினான். ஆறாவது வட்டமும் கறுத்தது, படகு வரவில்லை. "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டான், குரல் சற்றே தழுதழுத்தது. மூதாட்டியாக ஆடியவள், "அந்த வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோகிறேன்" என்றாள்.

கெடுவுக்கு முந்திய இரவே தாளை அனுப்பிவிட்டான். இத்தகைய கூடல்கள் பலவற்றில் பரிசு என்று ஒன்று கிடையாது. சித்தியிடம் காட்டலாமா என்று கேட்டான். அவரிடமே கேட்டுவிட்டுக் காட்டு என்றேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அவர் என்னிடம் வந்தார். "இதில் படகில் இருப்பவருக்குப் பாத்திரம் இல்லையா ஃபாதர்?" என்று வினவினார். இல்லை, நால்வரும் கரையில் இருப்பவர்தாம் என்றேன். "எழுதச் சொல்லுங்கள். நான் ஆடுகிறேன்" என்றார்.

இப்போது அதை எழுதிக்கொண்டிருக்கிறான். ஒரு தாளுக்குள் அடங்குமா என்பது ஐயமே.