கோனோமா: பறித்தாலும் திரும்பிய வயல்கள்

நாகாலாந்தின் கோஹிமாவிலிருந்து மலைப்பாதையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் கோனோமா கிராமம். பள்ளத்தாக்கு முழுக்க அடுக்கடுக்காக நெல் வயல்கள். மலைச்சரிவை வெட்டி, வரப்பு கட்டி, ஓடைநீரைத் திருப்பி அங்காமி நாகர்கள் உண்டாக்கியவை.

1878-ல் ஆங்கிலேயர் கோஹிமாவில் படையோடு வந்து அமர்ந்தார்கள். 1879 அக்டோபர் 14 அன்று, காவல்படையுடன் கோனோமா வாசலுக்கு வந்த அதிகாரி டமன்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து, அங்காமியர் கோஹிமா முகாமையே முற்றுகையிட்டார்கள். சுமார் பத்து நாள் கழித்து மணிப்பூர்ப் படை வந்த பிறகுதான் முகாம் தப்பியது. நவம்பரில் ஆங்கிலப் படை கோனோமாவைத் தாக்கியது. ஊரார் மலையுச்சிக் கோட்டைக்கு ஏறி, 1880 மார்ச் வரை தாக்குப்பிடித்தார்கள்.

பணிந்ததும் கிடைத்த தண்டனை என்ன தெரியுமா? படிவயல்கள் பறிமுதல், குலங்கள் வேறு ஊர்களுக்குச் சிதறடிப்பு. வயல் போனால் ஊர் அடங்கும் என்பது அரசின் கணக்கு. ஆனால் மக்கள் திரும்பி வந்து மண்வெட்டி பிடித்தார்கள்.

இன்றும் மேட்டு நிலங்களில் ஆல்டர் மரங்களை ஆளுயரத்துக்கு மேல் கவாத்து செய்து, இடையே மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, மிளகாய் பயிரிடுகிறார்கள். இதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. உதிரும் இலை மூடாக்காகிறது. இரண்டு வருடம் பயிர்; பிறகு நிலத்துக்குச் சில வருடம் ஓய்வு. வெட்டிய மரம் மீண்டும் துளிர்க்கிறது.