அப்பா ஏன் கோபுரத்துக்கு எதிர்ல நின்னாரு?

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. டீ குடிச்சிட்டு நிதானமா படிங்க. வீட்டுல சுகர் இருக்குற பெரியவங்க இருந்தா கண்டிப்பா படிங்க.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அம்மாவும் அவரும் ஸ்ரீரங்கத்துல, வடக்குச் சித்திரை வீதிக்குப் பக்கத்துல ஒரு சந்துல இருக்காங்க. நான் திருச்சி டவுன்ல. நடுவுல காவிரிப் பாலம், அவ்வளவுதான் தூரம். ஆனா டூட்டி, நைட் டூட்டி, அப்புறம் தூக்கம்னு மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்குறதே பெரிய விஷயமா இருந்துச்சு.

போனா ஒரு வழக்கம் உண்டு. காலையில அஞ்சரைக்கு ரெண்டு பேரும் நாலு சித்திரை வீதியையும் சுத்தி ஒரு நடை. அப்பா போன்ல அது சுமார் ரெண்டு கிலோமீட்டர் காட்டும். வேலையில இருந்த காலத்துலேர்ந்து அவருக்கு இருக்குற ஒரே பொழுதுபோக்கு இதுதான். சீட்டாட்டம் கிடையாது, சீரியல் கிடையாது.

போன வருஷம் ஒரு புதுப் பழக்கம் சேர்ந்துச்சு. நடந்துகிட்டே இருப்பார், திடீர்னு நின்னு கதை சொல்ல ஆரம்பிச்சிடுவார். கீழச் சித்திரை வீதி திரும்பினதும் வெள்ளை கோபுரம், வெள்ளையம்மா கதை. தெற்குச் சித்திரை வீதிக்கு வந்தா ராஜகோபுரத்தைப் பார்த்து நின்னுடுவார். "1987 மார்ச்ல கும்பாபிஷேகம்டா. அதுக்கு முன்னாடி எத்தனையோ தலைமுறையா மொட்டையா நின்ன கோபுரம். 13 நிலை, 236 அடி. அன்னைக்கு இருந்த கூட்டத்துல என் செருப்பே போச்சு." மேலச் சித்திரை வீதியில ஒரு பூக்கடை, அங்க பழைய வாடகை வீட்டுக் கதை.

நானும் ரசிச்சுக் கேட்டேன். வயசாகுது, மனசு பழசை நினைக்குதுன்னு நினைச்சுகிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்லி சிரிச்சோம்.

மூணாவதோ நாலாவதோ தடவைதான் மண்டையில உறைச்சுது. கதை மாறலை. அதை விடுங்க, இடமும் மாறலை. அதே திருப்பம், அதே கோபுரம், அதே பூக்கடை. சொல்லும்போது வலது கால்ல பாரம் போடாம இடது கால்ல சாய்ஞ்சு நிப்பார். ரெண்டு மூணு நிமிஷத்துல கதை முடியும், திரும்ப நடப்போம்.

"அப்பா, கெண்டைக்கால் வலிக்குதா?"ன்னு கேட்டேன்.

"அதெல்லாம் இல்லடா" என்றார். நாலு அடி நடந்து, "லேசா பிடிக்கும். நின்னா விட்டுடும். வயசாச்சுல்ல" என்றார்.

ஒரு குறிப்பிட்ட தூரம் நடந்தா கெண்டைக்காலைப் பிடிச்சு இழுக்கும். நின்னா சில நிமிஷத்துல விட்டுடும். திரும்ப அதே தூரம் நடந்தா திரும்பப் பிடிக்கும். காலுக்குப் போற ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சு அடைப்பு இருந்தா வர்ற வலி இப்படித்தான் இருக்கும். சும்மா நிக்கும்போது போற ரத்தம் போதும், நடக்கும்போது சதை கேக்குற அளவுக்குப் போகாது. அவ்வளவுதான் கணக்கு. வலிக்குதுன்னு காட்டிக்காம கடை வாசல்ல வேடிக்கை பார்க்குற மாதிரி நிக்கிறவங்க நிறைய பேர். எங்கப்பா கோபுரம் பார்த்தார்.

(எல்லா கால் வலியும் இது இல்ல. முதுகெலும்புல நரம்பு அழுந்தினாலும் நடந்தா கால் வலிக்கும். ஆனா அவங்களுக்கு சும்மா நின்னா பெருசா விடாது. உக்காரணும், இல்ல முன்னாடி குனியணும்.)

வீட்டுக்கு வந்து திண்ணையில உக்கார வெச்சு காலைப் பார்த்தேன். வலது முழங்காலுக்குக் கீழ முடியே இல்ல, தோல் பளபளன்னு இருக்கு. பாதம் இடது பாதத்தை விட சில்லுன்னு இருக்கு. மேல்பாதத்துல நாடி தேடினேன். கிடைக்கலை.

எனக்கு அந்த நிமிஷம் வந்தது பயம் இல்ல, வெட்கம். அப்பாவுக்கு சுகர் வந்து பதினஞ்சு வருஷம். ஓபியில சுகர்னு வர்ற ஒவ்வொருத்தரையும் "செருப்பைக் கழட்டுங்க, காலைக் காட்டுங்க"ன்னு சொல்றவன் நான். அப்பாகிட்ட பிரஷர் பார்ப்பேன், சுகர் ரிப்போர்ட் கேப்பேன். காலைக் காட்டச் சொன்னதே இல்ல. அப்பா காலை நான் கடைசியா தொட்டது என் கல்யாணத்துல, ஆசீர்வாதம் வாங்குறப்ப.

இன்னும் ரெண்டு விஷயம் அன்னைக்கு வெளிய வந்துச்சு. ஒண்ணு, மருந்துக்கடையில கேட்டு ரெண்டு மாசமா வலி மாத்திரை போட்டிருக்கார். சுகர் இருக்குறவங்களுக்கு இது கிட்னிக்கு நல்லதில்ல, அடைப்புக்கும் உதவாது. ரெண்டாவதை அம்மாதான் சொன்னாங்க: "விட்டுட்டேன்னு உன்கிட்டதான் சொல்றாரு. மொட்டை மாடியில தினம் ரெண்டு சிகரெட்."

மறுநாள் எங்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். பைக்ல வர மாட்டேன்னுட்டு ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி வந்து, எனக்குப் போன்கூட பண்ணாம ஓபி சீட்டு வாங்கி வரிசையில நின்னுட்டு இருந்தார். அதான் அப்பா.

கணுக்கால்லயும் கையிலயும் பிரஷர் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். 0.9க்குக் கீழ வந்தா அடைப்புன்னு அர்த்தம். அப்பாவுக்கு வலது கால்ல 0.68. சுகர்காரங்களுக்கு ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப் போய், இந்த எண் நல்லா இருக்குற மாதிரி பொய் சொல்றதும் உண்டு. அதனால டாப்ளர் ஸ்கேனும் பார்த்தோம். கால்ல அடைப்பு இருக்குறவங்களுக்கு இதயத்துலயும் மூளையிலயும் வர வாய்ப்பு அதிகம்ங்கறதால ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தோம். நல்லவேளை, அங்க பிரச்சனை இல்ல.

வைத்தியம் என்னன்னு கேட்டா நம்ப மாட்டீங்க. கொழுப்புக்கு ஒரு மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை (இதைப் படிச்சிட்டு நீங்களா வாங்கிப் போடாதீங்க), சிகரெட் பூஜ்யம், அப்புறம் நடை. வலி வர்ற வரைக்கும் நடக்கணும். நல்லா வலிச்சதும் நிக்கணும், விட்டதும் திரும்ப நடக்கணும். ஒரு தடவைக்கு அரை மணியிலேர்ந்து முக்கால் மணி, வாரம் மூணு நாளாவது, மூணு மாசம்.

"கால் வலிக்குதுன்னு வந்தா வலிக்குற வரைக்கும் நடன்னு சொல்றியே, எந்தக் காலேஜ்ல படிச்ச?"ன்னு கேட்டார்.

சிகரெட்டுக்குத்தான் பெரிய சண்டை. மூணு வாரம் என்கிட்ட சரியா பேசலை. நாலாவது வாரம் அம்மா போன் பண்ணி, "மொட்டை மாடியில துணி காயப்போட இப்பதான் இடம் கிடைச்சிருக்கு"ன்னாங்க. புரிஞ்சுகிட்டேன்.

அந்த மூணு மாசமும் டூட்டியை மாத்திப் போட்டு எல்லா ஞாயித்துக்கிழமையும் போனேன். மூணு நிறுத்தம் ரெண்டாச்சு. வெள்ளை கோபுரத்துக் கதை முதல்ல போச்சு. அப்புறம் பூக்கடை. ராஜகோபுரம் மட்டும் ரொம்ப நாள் இருந்துச்சு.

வீட்டுல யாருக்காவது இந்த மாதிரி இருந்தா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே காலைக் காட்டிக் கேளுங்க. ராத்திரி படுத்தா பாதம் வலிச்சு, காலைக் கட்டில்லேர்ந்து தொங்கப் போட்டாதான் தூக்கம் வருதுன்னா, பாதத்துல புண் ஆறவே இல்லன்னா, தள்ளிப் போடாதீங்க. ஒரு கால் திடீர்னு வெளுத்து சில்லுன்னு ஆகி பயங்கரமா வலிச்சா, அது எமர்ஜென்சி. மணிக்கணக்குலதான் நேரம் இருக்கு, அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

போன ஞாயித்துக்கிழமை. கீழச் சித்திரை வீதி திரும்பினோம், நிக்கலை. தெற்குச் சித்திரை வீதி. அப்பா பாட்டுக்கு நடக்கிறார். எனக்குத்தான் கால் தானா நின்னுடுச்சு. விடியுற வெளிச்சத்துல ராஜகோபுரம் அவ்வளவு பெருசா நிக்குது, கதை சொல்ல ஆள் இல்ல. 1987, 13 நிலை, தொலைஞ்ச செருப்பு, எல்லாத்தையும் நானே மனசுக்குள்ள ஓட்டிகிட்டேன்.

பத்தடி முன்னாடி போனவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா நின்னுட்ட? கால் வலிக்குதா?"

அடுத்து மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார்னு சொல்லிட்டு இருக்கார். முதல்ல தாயுமானவர் சன்னிதி வரைக்கும் போதும்னு நான் சொல்லிட்டு இருக்கேன். பேச்சுவார்த்தை நடக்குது.