சியாங் மாயில் நெடுநாள் விருந்தினர்

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கே என்பது நம்மவர் பழமொழி. மூன்று நாளன்று, முப்பது ஆண்டாயினும் விருந்தினராகவே இருந்து, விருந்தினராகவே மூப்பெய்தி மறையும் ஒரு கூட்டத்தாரைக் காண விரும்புவோர் தாய்லாந்தின் வடபாலுள்ள சியாங் மாய் நகருக்குச் செல்லல் வேண்டும். இங்கிலாந்து, ஜேர்மனி, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, யப்பான் முதலிய நாடுகளில் உழைத்து இளைப்பாறியோர் தம் எஞ்சிய வாழ்நாளைக் கழிப்பதற்கெனத் தேர்ந்துகொண்ட இடங்களுள் இந்நகரும் ஒன்று. மார்கழி விடுமுறையொன்றில் அங்குச் சில நாள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கோயில்களைக் காணச் சென்ற எனக்குக் கோயில்களினும் மிகுதியாகச் சிந்தனை தந்தவர்கள் அம்முதியவர்களே.

பேங்கொக்கில் மாலைப் புகையிரதம் ஏறினால் மறுநாட் காலையிற் சியாங் மாயை அடையலாம். 1296ஆம் ஆண்டில் மங்கராய் மன்னன் அமைத்த நகர் அது. லன்னா அரசின் தலைநகராய் விளங்கியது. பழைய நகரைச் சதுர வடிவான அகழி இன்றும் சூழ்ந்திருக்கின்றது. மதிலின் சிதைந்த செங்கற் கொத்தளங்கள் மூலைகளில் நிற்கின்றன. மேற்கே சுதேப் மலை. அதன்மேற் பொன் வேய்ந்த தாதுகோபம். அங்குள்ள புனித தாதுவைக் கொணர்ந்த சுமணர் என்னுந் துறவி இலங்கைப் பௌத்த மரபைச் சேர்ந்தவர். தாதுவைச் சுமந்த வெள்ளை யானை தானே மலையேறி இடங்காட்டியது என்பது அவ்வூரார் சொல்லும் ஐதிகம்.

கார்த்திகை முதல் தை வரை அங்குக் காலநிலை மிக இனியது. விடியற்காலையில் அகழிக் கரையோரம் நடந்தால், நரைத்த தலையினரான மேனாட்டார் பலர் கைத்தடியுடன் உலாவுவதைக் காணலாம். பின்னர் அவர்கள் தெருவோரக் கடையில் அமர்ந்து, தேங்காய்ப்பாற் குழம்பில் மிதக்கும் 'காவ் சோய்' என்னும் நூடில்சை உண்பர். மாசி, பங்குனி மாதங்களில் இக்காட்சி மாறிவிடும். வயற்றாளும் காட்டுச் சருகும் எரியும் புகை பள்ளத்தாக்கை மூடிக்கொள்ளும். மூச்சு நோயுடையோர் அக்காலத்தில் தென்பாற் கடற்கரைகளுக்குப் போய்விடுவர்.

இம்முதியவர்கள் எந்த உரிமையால் அங்கு வாழ்கின்றனர் என்பதே நாம் அறியவேண்டுவது. ஐம்பது வயது நிறைந்தவர்க்கு இளைப்பாறி வாழ்வதற்கான விசாவைத் தாய்லாந்து அரசு வழங்குகின்றது. அதனோடு பெறும் அனுமதி ஓராண்டுக்கே உரியது. ஆண்டுதோறும் குடிவரவுக் கந்தோருக்குச் சென்று 1,900 பாத் கட்டி அதனை நீடித்துக்கொள்ள வேண்டும். தாய்லாந்து வங்கியொன்றில் 8 இலட்சம் பாத் வைப்பிலிருத்தல் வேண்டும். அன்றேல் மாதம் 65,000 பாத் வருவாய் காட்டல் வேண்டும். அன்றேல் ஆண்டு வருவாயும் வைப்பும் கூடி 8 இலட்சம் ஆதல் வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை தம் இருப்பிடத்தை அறிவிப்பதும் கடமை. மீள்நுழைவு அனுமதி பெறாது நாட்டை விட்டு நீங்கினால், பெற்ற ஆண்டனுமதி அந்த நாளிலேயே அற்றுப்போம். அனுமதியின்றித் தொழில் செய்தலும் குற்றமாம். இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர்க்கும் இவ்விதிகளில் விலக்கில்லை.

பணக் கணக்கோ இன்னும் நுண்ணியது. 2006ஆம் ஆண்டில் ஒரு பிரித்தானியப் பவுணுக்கு ஏறத்தாழ 70 பாத் கிடைத்தது. மாதம் 1,000 பவுண் இளைப்பாற்றுச் சம்பளம் பெற்றவர் 70,000 பாத் பெற்றுச் செழிப்பாக வாழ்ந்தார். விசாவுக்குரிய வருவாயும் அவருக்கிருந்தது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் அதே பவுண் 44 பாத்தளவிற்கு இறங்கிற்று. சம்பளத்தில் ஒரு பவுணும் குறையாதிருந்தும் அவருடைய வருவாய் 44,000 பாத் ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, தாய்லாந்தில் வாழ்வோரின் அரச இளைப்பாற்றுச் சம்பளத்தைப் பிரித்தானிய அரசு ஆண்டுதோறும் உயர்த்துவதில்லை. வெளியேறிய நாளில் எத்துணையோ, எண்பதாம் வயதிலும் அத்துணையே. 2019ஆம் ஆண்டு முதல் பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் தூதரகங்கள் வருவாய்க்குச் சான்றுக் கடிதம் கொடுப்பதையும் நிறுத்திவிட்டன. 2024ஆம் ஆண்டு முதல், ஆண்டில் 180 நாளேனும் அங்கிருப்போர் அவ்வாண்டிலும் அதன் பின்னும் வெளிநாட்டில் ஈட்டிய வருவாயைத் தாய்லாந்துக்குக் கொண்டுவந்தால், அது வருமான வரிக்கு உட்படுகின்றது.

இவ்வாறு வருவாய் குறைந்தவர்கள் வங்கி வைப்பையே நம்புகின்றனர். அங்கேதான் உண்மையான இடர் மறைந்திருக்கின்றது. 8 இலட்சமும் நீடிப்புக்கு இரு மாதம் முன்னும் மூன்று மாதம் பின்னும் குறையாதிருத்தல் வேண்டும். ஏனைய மாதங்களில் 4 இலட்சத்திற்குக் கீழே இறங்கலாகாது. நான் உரையாடிய ஆங்கிலேயப் பெரியவர் ஒருவர், முன்னாளில் புகையிரதப் பொறியியலாளர், இதனை நன்கு விளக்கினார். "ஐயா, அந்தப் பணம் என் பெயரில் இருக்கிறது, ஆனால் அது என்னுடையதன்று. நான் இந்நாட்டில் இருப்பதற்கு வைத்த ஈடு அது. நாளை எனக்கு இருதய நோய் வந்தால் அதை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பேன். உயிர் பிழைப்பேன், ஆனால் அடுத்த ஆண்டு இங்கிருக்க மாட்டேன்" என்றார். அவருக்கு அப்பொழுது எழுபத்தெட்டு வயது. இங்கிலாந்திலிருந்த வீட்டை விற்றுவிட்டமையாற் போவதற்கும் ஓரிடமில்லை என்று கூறிச் சிறிது நகைத்தார். என்னால் நகைக்க இயலவில்லை.

காப்புறுதி செய்துகொள்ளலாகாதோ என்று வாசகர் வினவக்கூடும். வெளிநாட்டிலுள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் ஓராண்டு இளைப்பாற்று விசாப் பெறுவோர்க்கு அது 2019 முதற் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆயினும் அகவை ஏற ஏறக் கட்டணமும் ஏறும். எழுபதைக் கடந்தவரைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளக் கம்பனிகள் பல தயங்கும். ஆதலால் ஐம்பதிலும் அறுபதிலும் உடல்நலத்துடன் போவோர், எண்பதாம் வயதின் கணக்கைப் புறப்படுமுன்னரே போட்டுப் பார்த்தல் அறிவுடைமை.

நிலம் பற்றிய சட்டமும் இவ்வாறே. அயல்நாட்டார் பொதுவாக அங்கே காணி வாங்க இயலாது. தொடர்மாடிக் கட்டடமொன்றின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதம் வரையே அயலார் உடைமையாகலாம். காணியைக் குத்தகைக்கு எடுப்பின் முப்பது ஆண்டே எல்லை. மனைவியின் பெயரிலோ நண்பரின் பெயரிலோ காணி வாங்கி வீடு கட்டி, மனம் வேறுபட்ட பின் வெறுங்கையுடன் நின்றோர் கதைகள் அந்நகரிற் பல உலவுகின்றன.

இனி, அந்நாட்டுப் பழக்கவழக்கங்கள். இலங்கையிலிருந்து செல்வோர்க்கு இவை பெரிதும் புதியனவல்ல. 1753ஆம் ஆண்டில் சீயத்திலிருந்து வந்த உபாலி தேரர் கண்டியில் உபசம்பதையை மீண்டும் நிறுவியதனாலன்றோ சியாம் நிக்காய என்னும் பெயர் இங்கு வழங்குகின்றது. காலணியைக் கழற்றி வீட்டினுட் புகுதலும், கைகூப்பி வணங்குதலும், பெரியோர்முன் காலை நீட்டாமையும் நமக்குப் பிறவியிலேயே வந்தவை. மேனாட்டாரோ இவற்றை அறுபதாம் வயதில் அரிச்சுவடி கற்பதுபோற் கற்க வேண்டியவராகின்றனர். தலை உயர்ந்தது, பாதம் தாழ்ந்தது. பிறர் தலையைத் தொடுதலும், புத்தர் படிமத்தை நோக்கிக் காலை நீட்டுதலும் பெரும் பிழையாம். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தேசிய கீதம் ஒலிக்கும்போது பொதுவிடங்களில் மக்கள் நடையை நிறுத்தி நிற்பர். அரச குடும்பத்தாரை இழித்துரைத்தல் மூன்று முதல் பதினைந்து ஆண்டுச் சிறைக்குரிய குற்றம். பத்திரங்களில் ஆண்டும் பௌத்த ஆண்டாகவே இருக்கும். கிறித்து ஆண்டுடன் 543ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். நம் நாட்டுப் பௌத்தர் கணக்கு இதனினும் ஒன்று கூடியது. நாம் 1956இற் கண்ட 2500ஆம் ஆண்டு விழாவை அவர்கள் 1957இற் கொண்டாடியது அதனாலேயாம்.

இவற்றினும் கற்றற்கு அரியது கோபத்தை அடக்குதல். 'சாய் யென்', அஃதாவது குளிர்ந்த உள்ளம், அவர்கள் பெரிதும் போற்றும் பண்பு. பிறர்க்குச் சங்கடம் நேராதபடி நடத்தலைக் 'கிரெங் சாய்' என்பர். கந்தோரிற் குரலை உயர்த்துபவர் தம் மதிப்பை இழப்பர். அவர் காரியமும் தாமதமாகும். கையில் பணமிருப்பதனால் ஊரே தம் ஏவலுக்குரியது என்று எண்ணி வந்தவர்கள் சில ஆண்டுகளில் மனங்கசந்து, தம்மவர் கூடும் மதுச்சாலைகளிலேயே பொழுதைக் கழிக்கின்றனர். மொழியைச் சிறிதேனும் கற்று, அயலார் வீட்டு நன்மை தீமைகளிற் கலந்துகொண்டவர்களோ வேறொரு வாழ்வைக் காண்கின்றனர். தாய் மொழியில் ஐந்து தொனிகள் உள்ளன. தொனி பிழைத்தாற் பொருளும் பிழைக்கும். எனினும், தடுமாறிப் பேசும் முதியவரைப் பெரியப்பா என்ற பொருளில் 'லுங்' என்று முறைகூறி அழைக்கத் தெருப் பிள்ளைகள் தயங்குவதில்லை.

சித்திரைப் புத்தாண்டாகிய சொங்கிரானை ஏப்பிரில் 13 முதல் 15 வரை கொண்டாடுவர். உலகத்தார் அறிந்தது தெருவில் நீரிறைக்கும் ஆரவாரமே. அதன் உட்பொருள் வேறு. இளையோர் முதியோரை அணுகி, அவர் கைகளில் மணநீர் வார்த்து, மன்னிப்பும் ஆசியும் வேண்டுவர். வட பகுதியில் இது 'தம் ஹுவா' எனப்படும். அந்த ஆங்கிலேயப் பெரியவரின் கைகளிலும் அயல்வீட்டார் ஆண்டுதோறும் நீர் வார்க்கின்றனராம். சொந்தப் பேரப்பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகக் காணாத அவர், இதனைச் சொல்லும்போது தம் கைகளையே நோக்கிக்கொண்டிருந்தார்.

தாயகம் மீளுமாறு அவருடைய பிள்ளைகள் அழைக்கின்றனரா என்று நான் கேட்கவில்லை. முதுமையில் வேண்டுவன மூன்று: உண்ண உணவு, நோய்க்கு மருந்து, பெயர் சொல்லி அழைக்க ஒருவர். முதலாவதைச் சியாங் மாய் மலிவாகத் தருகின்றது. இரண்டாவது பணமுள்ளவரைக்கும் கிடைக்கும். மூன்றாவதை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். அதற்கு விசாவும் இல்லை, வைப்புப் பணமும் உதவாது.

புறப்படும் நாளில், லம்பூன் செல்லும் வீதியருகேயுள்ள அயல்நாட்டார் மயானத்தைக் கண்டேன். 1898ஆம் ஆண்டில் சுலாலங்கோர்ன் மன்னர் அயல்நாட்டாரை அடக்கஞ் செய்வதற்கென்று அளித்த நிலம் அது. அதனை விற்றல் ஆகாது. விக்ரோறியா மகாராணியின் வெண்கலச் சிலையொன்று அங்கே கல்லறைகளைப் பார்த்தபடி நிற்கின்றது. பாதிரிமாரும், மருத்துவரும், தேக்கு வியாபாரிகளும் அதனைச் சூழ்ந்து துயில்கின்றனர். உயிருடன் இருக்கையில் ஒரு பரப்புக் காணியும் வாங்க இயலாத விருந்தினர்க்கு அந்நாடு நிலையாகக் கொடுத்த இடம் அஃதொன்றே. பழைய கல்லறைகளிடையே அண்மைக் காலத்துக் கற்களும் இருந்தன. அவற்றுட் சிலவற்றின்மேல், அன்று காலையில் யாரோ வைத்துச் சென்ற மல்லிகை மாலைகள் வாடாதிருந்தன.