கணக்கில் வராத கூலி

கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்

ஜூலை 1, 2025, செவ்வாய்

காலை ஐந்தே முக்காலுக்கு மைதானம். பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் வந்தார்கள். ராத்திரி பெய்த மழையில் கோல் போஸ்ட் முன்னால் தண்ணீர் கட்டியிருந்தது. கோல்கீப்பர் பையனே வாளியில் மண் அள்ளி வந்து கொட்டி மிதித்தான். அவன் கையுறையின் விரல் நுனி பிய்ந்து, பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறான். குறித்துக்கொள்கிறேன்: கையுறை.

செய்தியில் படித்தேன்: அமெரிக்காவில் இன்று முதல் கல்லூரிகள் தங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். படிக்கிற பையன் காசுக்கு ஆடக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. கிராண்ட் ஹவுஸ் என்ற நீச்சல் வீரர் பெயரில் நடந்த வழக்கில், கிளாடியா வில்கன் என்ற நீதிபதி போன மாதம் 6ஆம் தேதி சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். ஒரு கல்லூரி இந்த ஆண்டு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம். நம் பணத்தில் ஏறக்குறைய 175 கோடி ரூபாய். பெரிய கல்லூரிகள் பலவற்றில் அதில் முக்கால் பங்கு ஃபுட்பாலுக்குத்தான் போகும் என்கிறார்கள். (அவர்கள் ஃபுட்பால், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம்.) வழக்கில் பெயர் கொடுத்தவர் நீச்சல்காரர், பணம் போவது வேறு ஆட்டத்துக்கு. படித்ததிலிருந்து அது மனசை விட்டுப் போகவில்லை.

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் விஷயம் சின்னது. இந்த வருஷம் வெளி மாவட்டங்களிலிருந்து நான்கு பேரை எடுத்தோம். ஃபீஸ் இல்லை, ஹாஸ்டலும் மெஸ்ஸும் இலவசம். அதற்கு மேல் ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய். மற்ற பதினாலு பேருக்குப் பழையபடி ஜெர்சி, பயணப்படி, பாதிப் பேருக்கு மட்டும் கொஞ்சம் ஃபீஸ் சலுகை. "வெளியே தெரிய வேண்டாம் சார்" என்றார்கள் நிர்வாகத்தில். சரி என்று வந்துவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

தெரிந்துவிட்டது. ஹாஸ்டலில் ஒன்பதாம் நம்பர் பையன் செல்போனைக் கட்டிலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறான். பணம் வரவான மெசேஜ் திரையில் வந்திருக்கிறது. அறையில் இருந்தவன் பார்த்திருக்கிறான். சாயங்காலத்துக்குள் பதினெட்டுப் பேருக்கும் தெரியும்.

அவனுக்குப் பேரே "சம்பளம்" ஆகிவிட்டது. பந்து முள்ளுக்குள் போனால், "சம்பளம் போய் எடுக்கட்டும்" என்கிறார்கள். அவனும் போய் எடுத்து வருகிறான். நான் அதட்டினேன். என் அதட்டலுக்கு இன்று வலு இல்லை. நானும் மறைத்தவன்தானே.

ஜூலை 5, சனி

எங்களுக்குள்ளேயே இரண்டு அணி பிரித்து ஆடவிட்டேன். கோட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு பாஸையும் நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். முப்பது நிமிஷத்தில் நடுக்களத்திலிருந்து ஒன்பதாம் நம்பருக்குப் போனது ஆறு பந்து. போன மாதம் இதே முப்பது நிமிஷத்தில் இருபதுக்குக் குறையாது. அவன் இடது பக்கம் கை தூக்கிக்கொண்டு தனியாக நிற்கிறான், பந்து வலப்பக்கம் கூட்டத்துக்குள் போகிறது. ஒருவரும் முறைக்கவில்லை, திட்டவில்லை. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அணி உடைகிறது என்றால் சண்டை நடக்கும் என்று நினைக்கிறோம். இப்படிச் சத்தமில்லாமல் பாதை மாறிப் போகும் பந்தில்தான் முதலில் தெரிகிறது.

கேப்டன் எட்டாம் நம்பர். எங்கள் ஊர்ப் பையன், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. மூன்றாம் வருஷம் படிக்கிறான். அவனிடமிருந்துதான் அந்த இருபது பந்தும் போகும்.

ஜூலை 6, ஞாயிறு

மைதானம் இல்லை. மாடியில் துணி காயப்போட்டுவிட்டு ஏற்காட்டு மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேகம் பாதி மலை வரை இறங்கியிருந்தது.

1996இல் எனக்கு இருபது வயது. பக்கத்து ஊர் டோர்னமெண்டில் வேறு அணிக்கு ஆடக் கூப்பிட்டார்கள். 200 ரூபாய், பஸ் காசு, மத்தியானம் பிரியாணி. போனேன். அரையிறுதியில் எதிரே வந்தது எங்கள் ஊர் அணி. இரண்டு கோல் போட்டேன். அதன் பிறகு ஒரு வருஷம் என் கூட்டாளிகள் என்னை ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை. அந்த 200 ரூபாயில் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றினேன் என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

கேரளத்தில் மலப்புறம் பக்கம், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் ஒரு மேட்சுக்கு இவ்வளவு என்று பேசித்தான் இறங்குகிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆடுகிறவர்களும் உண்டு. அங்கே பணம் வாங்குவது யாருக்கும் ஒளித்து வைக்கும் சங்கதி இல்லை. நாம்தான் வாங்குகிறவனையும் வாங்காதவனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, இருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்கிறோம்.

ஜூலை 8, செவ்வாய்

வணிகவியல் துறையில் ஒரு நண்பர் சொன்னார்: "எல்லாருக்கும் நிறுத்திடுங்க சார், பிரச்சனை தீர்ந்துடும்." நிறுத்தினால் தூத்தூரிலிருந்து வந்த ஒன்பதாம் நம்பர் பையன் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போக வேண்டியதுதான். அது தீர்வு ஆகாது.

அவருக்கு மேத்யூ ஸ்லூகா கதையைச் சொன்னேன். லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக், ஆட்டத்தை நடத்துகிறவர். 2024 செப்டம்பரில் அணி முதல் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்திருந்தது. அப்போது அவர் விலகிவிட்டார். குறைந்தது ஒரு லட்சம் டாலர் தருவதாகப் பயிற்சியாளர் ஒருவர் வாயால் சொன்னார், வரவில்லை என்றது அவர் தரப்பு. அப்படி ஒப்பந்தமே இல்லை என்றது பல்கலைக்கழகம். அவர் போன பிறகு வந்த முதல் ஆட்டத்தில் அந்த அணி ஃபிரெஸ்னோ ஸ்டேட் அணியை 59-14 என்று அடித்தது. நண்பர், "பாத்தீங்களா, காசுக்கு வந்தவன் போனான், அணி நல்லாத்தானே ஆச்சு" என்றார். எனக்கு அந்தக் கதையில் உறைப்பது வேறு. வாயால் பேசினார்கள். எழுதி ஒரு தாள் இருந்திருந்தால் அந்தப் பையனின் ஒரு வருஷம் இழுபறியில் போயிருக்காது.

எங்கள் நான்கு பேரிடமும் தாள் கிடையாது. கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

பாதிப் பேர் கண் சிவந்து வந்தார்கள். ராத்திரி பன்னிரண்டரைக்குத் தொடங்கிய கிளப் உலகக் கோப்பை அரையிறுதியை ஹாஸ்டலில் விழித்திருந்து பார்த்திருக்கிறார்கள். பி.எஸ்.ஜி. 4, ரியல் மாட்ரிட் 0. எம்பாப்பே தான் விட்டு வந்த பழைய கிளப்பிடமே தோற்றிருக்கிறார்.

வார்ம்-அப் ஓட்டத்தில் அதே பேச்சு. மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூவரும் ஒன்றாக இருந்த இரண்டு பருவத்திலும் பி.எஸ்.ஜி. சாம்பியன்ஸ் லீக்கில் கடைசிப் பதினாறைத் தாண்டவில்லை. மூவரும் போன பிறகு, இந்த மே 31ஆம் தேதி இன்டர் மிலானை 5-0 என்று வென்று கோப்பையை எடுத்தது. "பெரிய சம்பளக்காரன் போனாத்தான் டீம் சேரும்" என்றான் வலது பேக், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. ஒன்பதாம் நம்பர் ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டான்.

நான் ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சொன்னேன்: அந்த அணியில் இப்போதும் எல்லாரும் கோடிகளில்தான் வாங்குகிறார்கள். டெம்பெலே கோல்கீப்பரிடமே ஓடிப்போய்ப் பந்தை மறிக்கிறார், முன்வரிசை ஆள் அவ்வளவு தூரம் பின்னாலும் இறங்கி வருகிறார், மாறியது அதுதான். சொல்லிவிட்டேனே தவிர, வலது பேக் முகத்தைப் பார்த்தால் அவன் கேட்டது பி.எஸ்.ஜி.யைப் பற்றி இல்லை என்று தெரிந்தது.

ஜூலை 12, சனி

ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இந்தப் பருவம் நிறுத்தி வைப்பு என்று நேற்று அறிவிப்பு. 2014இல் தொடங்கிய லீக். பயிற்சிக்குப் பிறகு நான்கு பேரும் ஒரே செல்போனை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரையும் "சம்பளம்" என்று கூப்பிடவில்லை இன்று.

ஜூலை 14, திங்கள்

கேப்டன் மூன்று நாளாக வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கே போனேன். முன்னறையே கொலுசுப் பட்டறை. அவன் அப்பா கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார், இவன் குழலை வாயில் வைத்து ஊதிக் கண்ணி கண்ணியாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். "வாங்க சார், உக்காருங்க" என்று அவன் அம்மா பாயை உதறிப் போட்டார்.

வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியதிலிருந்து ஆர்டர் குறைந்துவிட்டதாம். வருகிற நாளில் ராத்திரியும் பகலுமாக முடித்துக் கொடுத்தால்தான் அடுத்தது வரும். டீ குடித்துவிட்டு வாசலுக்கு வந்தோம்.

"அவன் அஞ்சாயிரம் வாங்கறான்னு எனக்குப் பொறாமை இல்லீங்க சார்" என்றான். "அவன் நல்ல பிளேயர், வாங்கட்டும். நான் சாயங்காலம் பிராக்டிஸுக்கு வர்ற ஒவ்வொரு நாளும் எரநூத்தம்பது ரூபா கூலிய விட்டுட்டு வர்றேன். மூணு வருஷமா வர்றேன். அது ஒருத்தருக்கும் தெரியலீங்களே சார். அவனுக்குக் காசு குடுக்கறப்பதான் அது எனக்கே தெரிஞ்சுது."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இருட்டிவிட்டது, மலைப்பாதையில் வண்டி விளக்குகள் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தன. இருபது வருஷமாக அணி நடத்துகிறேன். பணமே இல்லாத அணி என்று பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். பணம் இருந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. கொடுத்தது பையன்களின் வீடுகள்.

ஜூலை 16, புதன்

பயிற்சி முடிந்ததும் எல்லாரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். நான்கு பேருக்கு எவ்வளவு தரப்படுகிறது என்பதை நானே வாய்விட்டுச் சொன்னேன். மறைத்தது தப்பு என்றும் சொன்னேன். கேப்டனும் வந்திருந்தான், கை விரலில் தீக்காயத்தோடு.

முதலமைச்சர் கோப்பை பற்றிப் பேச்சு வந்தது. மாநில அளவில் குழு ஆட்டத்தில் முதலிடம் வந்தால் ஆளுக்கு 75,000, இரண்டாமிடம் 50,000, மூன்றாமிடம் 25,000. அவரவர் வங்கிக் கணக்குக்கே வரும். இரண்டு கோல் போட்டவனுக்கும் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கும் ஒரே தொகை. "அது மாதிரி பண்ணுங்க சார்" என்றார்கள் இரண்டு பேர். கோல்கீப்பர் தலையை ஆட்டினான்: "அது ஜெயிச்சா வர்றது. நாம இப்ப பேசறது ஜெயிக்கறதுக்கு முன்னாடி சாப்பாட்டுக்கு." நல்ல பேச்சு. நான் யோசிக்காதது.

பிறகு நோட்டை எடுத்தேன். இந்த அணிக்கு வர ஒவ்வொருவனும் எதை விடுகிறான், என்ன செலவு செய்கிறான் என்று கேட்டு எழுதத் தொடங்கினேன்.

கேப்டன்: வாரம் நான்கு மாலை, 1,000 ரூபாய் கூலி.
வலது பேக்: அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வருகிறான். பயிற்சி முடிந்து டவுன் பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோ. வாரம் 160.
கோல்கீப்பர்: கையுறை போன வருஷம் 900, அக்கா வாங்கிக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை கேட்டரிங் வேலையை மேட்ச் நாளில் விடுகிறான், 600.
நான்காம் நம்பர்: முழங்கால் ஸ்கேன், 4,500, அப்பா கடன் வாங்கியது. இதை அவன் என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

ஒன்பது பேர் வரை எழுதினேன். மணி அடித்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

நோட்டை ஜெராக்ஸ் எடுத்துச் செயலாளரிடம் கொடுத்தேன். மூன்று கேட்டேன். நான்கு பேருக்கும் பேசியதை எழுத்தில் தர வேண்டும். பதினெட்டுப் பேருக்கும் பயிற்சி நாளுக்குப் பஸ் காசும் முட்டையும். அடிபட்டால் வைத்தியச் செலவு கல்லூரியுடையது. அவர் இரண்டு பக்கமும் படித்தார். ஸ்கேன் வரியில் விரல் வைத்து, "இது நம்ம கிரவுண்டுல விழுந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார்.

மாலை ஆட்டத்தில் எண்ணினேன். ஒன்பதாம் நம்பருக்குப் பதினொரு பந்து. இருபது இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு. ஊர் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். என் மனைவி தூக்குவாளியைக் கொடுத்து, "ஏங்க, பசங்களுக்கும் சேத்து வாங்கிட்டு வாங்க" என்றாள். கேப்டன் அண்டா பக்கத்தில் கரண்டியோடு நின்றான். வரிசையில் ஒன்பதாம் நம்பர். ஹாஸ்டலிலிருந்து நடந்தே வந்திருக்கிறான். அவன் சொம்பில் கேப்டன் இரண்டு கரண்டி ஊற்றினான், வெங்காயமும் மோர் மிளகாயும் போட்டான். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

கூழைக் குடித்துவிட்டு ஒன்பதாம் நம்பர் என் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்தான். திண்ணையில் உட்கார்ந்தான்.

"சார், அந்த நோட்டுல எங்க நாலு பேருக்கும் எழுதலியே."

உங்களுக்குத்தான் பணம் வருகிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன்.

அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்:

ஒன்பதாம் நம்பர்: அப்பா ஆழ்கடல் போட்டில் போகிறவர். போனால் ஒரு மாதம், ஒன்றரை மாதம். எங்கள் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். வருஷத்தில் அப்பா வீட்டில் இருப்பது இந்த இரண்டு மாதம். நான் ஜூன் 11ஆம் தேதி இங்கே வந்தேன்.